நம்ம பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டுவோம்

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். எங்க குழுவுல கூட்டப் பதிவேடு எழுதுவேன், அவ்வளவுதான். கடன், தவணை, சேமிப்பு பத்திப் பேச இங்கே நிறைய பேர் இருக்கீங்க. "நீ பிள்ளைங்கள வச்சுக்கிட்டு உப்புத் தண்ணியில என்னமோ செய்யறியே, அதைச் சொல்லு" என்று தலைவி அக்கா சொன்னாங்க. அதனால வந்து நிக்கிறேன்.

இது எப்படி ஆரம்பிச்சதுன்னா, ஒரு மாசக் கூட்டத்துல உள்கடன் வட்டியைக் கூட்டிக்கிட்டு இருந்தோம். பிள்ளைங்க போட்ட சத்தத்துல ரெண்டு தடவை கணக்கு தப்பிப் போச்சு. "இதுங்களை யாராவது வெளியே கூட்டிட்டுப் போங்கடி" என்றாங்க. நான் கூட்டிட்டுப் போனேன். பதினோரு பிள்ளைங்க. என்ன செய்யறதுன்னு தெரியலை. அப்போ என் மகள் கேட்டாள்: "அம்மா, கடல் ஏன் உப்பா இருக்கு?"

இதே கேள்வியை அவள் வீட்டுல பல தடவை கேட்டிருக்கிறாள். "கேள்வி கேக்காம சாப்பிடு" என்று சொல்லி அனுப்பியிருக்கேன். எனக்குப் பதில் தெரியாது, அதுதான் உண்மை. நாங்க இருக்கிறது நாகப்பட்டினம் பக்கம், சுனாமி குடியிருப்பு. கடல் நடக்கிற தூரம்தான். ஆனா கடலைப் பத்தி எங்க பிள்ளைங்ககிட்ட நாங்க சொல்றது ரெண்டே வார்த்தை. "கடல் பக்கம் போகாதே." "அப்பா கரை வந்துட்டாரா பாரு." இந்த ரெண்டும் போதும்னு நினைச்சோம். போதாது அக்கா. ஏன் போதாதுன்னு கடைசியில சொல்றேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்து டீச்சர்கிட்ட கேட்டேன். மகளோட அறிவியல் புத்தகத்தைப் படிச்சேன். ஒவ்வொண்ணா வீட்டுல செஞ்சு பார்த்தேன். எதுக்கும் பெரிய செலவு கிடையாது. உப்பு, முட்டை, எலுமிச்சம்பழம், பழைய டப்பா, அவ்வளவுதான். கடல் இல்லாத ஊர் அக்காமார்களும் செய்யலாம். ஒரு லிட்டர் கடல் தண்ணியில சுமார் 35 கிராம் உப்பு இருக்கு. வீட்டுத் தண்ணி ஒரு லிட்டருல சின்ன ஸ்பூனால ஏழு ஸ்பூன் உப்பைக் கரைச்சா, கிட்டத்தட்ட கடல் தண்ணி தயார்.

முதல் விளையாட்டு: முட்டை மிதக்குமா?

ரெண்டு டம்ளர் எடுத்துக்கோங்க. கண்ணாடி டம்ளரா இருந்தா பிள்ளைங்களுக்கு நல்லாத் தெரியும். ஒண்ணுல வெறும் தண்ணி. புது முட்டையைப் போட்டா அடியில போய் உட்கார்ந்துக்கும். அடுத்த டம்ளருல உப்பை ஒவ்வொரு ஸ்பூனாப் போட்டுக் கலக்கணும். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் முட்டையை விட்டுப் பார்க்கணும். நாலு, அஞ்சு ஸ்பூன் ஆனதும் முட்டை மேலே வரும். பிள்ளைங்க கைதட்டுவாங்க.

இதுல நான் அசடு வழிஞ்ச கதையைச் சொல்லணும். முதல் நாள் கடல் தண்ணியையே ஒரு குடம் மொண்டுக்கிட்டு வந்து, "இப்போ பாருங்க, முட்டை மிதக்கும்" என்று சொல்லிப் போட்டேன். முட்டை தொபுக்குன்னு அடிக்குப் போயிட்டுது. "அத்தை பொய் சொல்றாங்க" என்று எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம்தான் புரிஞ்சுது. கடல்ல இருக்கிற உப்பு முட்டையைத் தூக்கப் போதாது. அதுவும் நம்ம வங்கக் கடல்ல கங்கை, கோதாவரி மாதிரி பெரிய ஆறுகள் வந்து கலக்கிறதால உப்பு இன்னும் கொஞ்சம் குறைவு. முட்டையைத் தூக்கணும்னா கடலை விட மூணு பங்கு உப்பு வேணும். தப்பாப் போனதுல பிள்ளைங்க கத்துக்கிட்டதுதான் அதிகம். "ஏன் மிதக்கலை?" என்று அவங்களே ஸ்பூன் கணக்கு எண்ண ஆரம்பிச்சுட்டாங்க.

உப்பு கரைஞ்ச தண்ணி கனம். அதனாலதான் அது பொருளை அதிகமாத் தூக்குது. ஆத்துல நிக்கிற படகை விட, அதே படகு கடல்ல கொஞ்சம் உயர்ந்து நிக்கும். ஒண்ணு மட்டும் கவனம். பழைய முட்டை வெறும் தண்ணியிலேயே மிதக்கும். அது விஞ்ஞானம் இல்லை, கடைக்காரர் நம்மளை ஏமாத்தினது. புது முட்டையா எடுங்க. விளையாடி முடிச்சதும் கழுவி அவிச்சுக் கொடுத்துடுங்க, வீணாக்க வேண்டாம்.

ரெண்டாவது விளையாட்டு: மழை செய்யலாம்

என் மகள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுல இருக்கு. ஒரு அகலமான பாத்திரத்துல ரெண்டு விரல் உயரம் உப்புத் தண்ணி ஊத்துங்க. நடுவுல ஒரு சின்ன கிண்ணத்தை வையுங்க. கிண்ணம் காலியா, தண்ணி மட்டத்துக்கு மேல விளிம்பு தெரியற மாதிரி இருக்கணும். பாத்திரத்து வாயைப் பாலித்தீன் தாளால மூடிச் சுத்திக் கயிறு கட்டுங்க. தாளுக்கு மேல, கிண்ணத்துக்கு நேரா, ஒரு சின்னக் கல்லு வையுங்க. தாள் நடுவுல கொஞ்சம் பள்ளமாகும். அப்படியே வெயில்ல வச்சிடுங்க.

சாயங்காலம் திறந்து பார்த்தா, கிண்ணத்துல ஒண்ணு ரெண்டு ஸ்பூன் தண்ணி சேர்ந்திருக்கும். நாக்குல வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. உப்பு இருக்காது. வெயில்ல தண்ணி ஆவியாப் போச்சு, உப்பு போகலை. தாள்ல பட்டு ஆவி திரும்பத் தண்ணியாச் சொட்டிச்சு. மழையும் இப்படித்தான். அந்த மழை பாறை மேலயும் மண் மேலயும் பெய்ஞ்சு, அதுல இருக்கிற உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சு ஆத்து வழியாக் கடலுக்குக் கொண்டு வருது. தண்ணி மறுபடி ஆவியாப் போகுது, உப்பு அங்கேயே தங்குது. கோடிக்கணக்கான வருஷமா இதே வேலை நடக்குது. அதான் கடல் உப்பு.

பாத்திரத்தைத் திறந்தே வெயில்ல வச்சா சில நாள்ல அடியில வெள்ளையா உப்பு பூத்திருக்கும். வேதாரண்யம் உப்பளத்துல நடக்கிறது அதுதான். 1930-ல் ராஜாஜி தலைமையில திருச்சியில இருந்து நடந்து வந்து உப்பு அள்ளினாங்களே, அந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லலாம். அதுக்கப்புறம் பிள்ளைங்க சாப்பாட்டுல உப்பு போடும்போதே ஒரு மாதிரி பார்க்கிறாங்க.

மூணாவது விளையாட்டு: உப்பு மேல நல்ல தண்ணி

இது பெரியவங்களுக்கும் சேர்த்து. பீட்ரூட் அவிச்ச தண்ணியை ஆற வச்சு, நாலு ஸ்பூன் உப்பு போட்டுக் கரைச்சு, கண்ணாடி டம்ளருல பாதி ஊத்துங்க. ஒரு ஸ்பூனைக் கவிழ்த்து அந்தத் தண்ணிக்கு மேல பிடிச்சுக்கிட்டு, ஸ்பூன் முதுகு மேல வெறும் தண்ணியை ரொம்ப மெதுவா விடுங்க. கலக்காது. கீழே சிவப்பு, மேல வெள்ளை, தனித்தனியா நிக்கும். ஆத்துத் தண்ணி கடல்ல சேரும்போதும் முதல்ல இப்படி மேலாகத்தான் ஓடும்.

இப்போ ஒரு ஸ்ட்ராவை மேல் தண்ணியில வச்சு மெதுவா உறிஞ்சச் சொல்லுங்க. நல்ல தண்ணி வரும். வேகமா, நிறைய உறிஞ்சினா கொஞ்ச நேரத்துல சிவப்பு மேலே ஏறி வரும், வாயில உப்புக் கரிக்கும்.

எங்க பிள்ளைங்கள்ல ஒருத்தன், ஏழாவது படிக்கிறவன், துப்பிட்டுக் கேட்டான்: "அத்தை, நம்ம போர்லயும் இதுதான் நடக்குதா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதேதான் நடக்குது அக்கா. கடலோர மண்ணுல மழைத் தண்ணி இறங்கி, உப்புத் தண்ணி மேல மிதந்துக்கிட்டு நிக்குது. எங்க அம்மா காலத்துல மணல்ல ஊத்து தோண்டி, அகப்பையால மொண்டு குடத்தை நிறைப்பாங்க. மெதுவா எடுத்தாங்க, இனிப்பா இருந்துது. இப்போ மோட்டார் போட்டு இழுக்கிறோம். கணக்கு ஒண்ணு இருக்கு. கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி ஒரு அடி நின்னா, கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணி இருக்கும். மேல ஒரு அடி இறங்கினா, கீழே இருந்து உப்பு 40 அடி ஏறும். ஒரு டம்ளரை வச்சுக்கிட்டு இதைப் பிள்ளை புரிஞ்சுக்கிறான். அன்னைக்கு ராத்திரியே எங்க வீட்டு மோட்டாரை என் மகள் போய் நிறுத்தினாள்.

நாலாவது விளையாட்டு: கிளிஞ்சல் நுரைக்கும்

ஒரு காலி மட்டி ஓட்டைக் கழுவிட்டு, அது மேல எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு விடுங்க. சொர சொரன்னு குமிழ் வரும். கடல் இல்லாத ஊர்ல முட்டை ஓடு போதும். முட்டை ஓட்டை வினிகர்ல ஒரு நாள் ரெண்டு நாள் போட்டு வச்சா ஓடே கரைஞ்சு போகும்.

வெத்திலைக்குப் போடுற சுண்ணாம்பு கிளிஞ்சலைச் சுட்டு எடுத்ததுதானே. ஓட்டுல இருக்கிறது சுண்ணாம்புச் சத்து. புளிப்பு பட்டா அது கரையும். சரி, கடலுக்கும் புளிப்புக்கும் என்ன சம்பந்தம்? வண்டியும் ஆலையும் விடுற புகையில கரியமில வாயு இருக்கு. அதுல சுமார் நாலுல ஒரு பங்கைக் கடல் குடிக்குது. கோலி சோடாவுல அடைக்கிற அதே வாயுதான். சங்குப் பூவைச் சுடுதண்ணியில போட்டா நீலமா வரும். அதுல சோடாவை ஊத்திப் பாருங்க, நீலம் மாறி ஊதாவாகும். சோடாவுல லேசாப் புளிப்பு இருக்குன்னு பூவே காட்டிக் கொடுத்துடும். கடல் சோடா மாதிரி ஆகப் போறதில்லை. ஆனா முன்னே இருந்ததை விடக் கொஞ்சம் கொஞ்சமா அந்தப் பக்கம் நகருது. சிப்பிக்கும் நண்டுக்கும் பவளத்துக்கும் ஓடு கட்டுறது அதனால கஷ்டமாகுது. நம்ம வீட்டு வருமானம் கடல்ல இருந்து வருது, பிள்ளைங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும்.

உயிரோட இருக்கிற சிப்பியை எடுக்க வேண்டாம். கரையில காலியாக் கிடக்கிறது போதும்.

அஞ்சாவது விளையாட்டு: பெட்டிக்குள்ள அலை

இதைச் சொல்றதுக்குத்தான் நான் மேடைக்கே ஒத்துக்கிட்டேன்.

மீன் வைக்கிற பழைய தெர்மோகோல் பெட்டி, நீளமானது ஒண்ணு எடுத்துக்கோங்க. ஒரு பக்கம் மணலைக் குவிச்சு, கரை மாதிரி சரிவாக்குங்க. மறுபக்கம் தண்ணி ஊத்துங்க. தண்ணி மேல ஒரு சின்ன இலையைப் போடுங்க. டப்பா மூடியால தண்ணியை லேசா அழுத்தி ஒரு அலை எழுப்புங்க. அலை கரைக்குப் போகும். இலை மேலயும் கீழயும் ஆடுமே தவிர, அலையோட சேர்ந்து ஓடாது. ஓடுறது தண்ணி இல்லை, அதோட சக்தி.

இப்போ மூடியால பெரிசாத் தள்ளுங்க. ஆழமான பக்கத்துல ஒண்ணும் பெரிசாத் தெரியாது. சரிவு ஏறும்போதுதான் தண்ணி எழும்பி மணல் மேல பாயும். கரையில தீப்பெட்டி வீடு வச்சிருந்தா அடிச்சுட்டுப் போகும். அப்புறம் ஈர்க்குச்சியை ஒடிச்சு, மணல்ல நாலஞ்சு வரிசை நெருக்கமாக் குத்தி, அதே மாதிரி தள்ளுங்க. வேகம் குறையும். அதுதான் அலையாத்திக் காடு. அலையை ஆத்துறதாலதான் அந்தப் பேரே. 2004-ல பிச்சாவரம் பக்கம் அந்தக் காட்டுக்குப் பின்னால இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவுன்னு ஆராய்ச்சி செஞ்சவங்க எழுதியிருக்காங்க.

2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை. எனக்கு அப்போ 14 வயசு. அரையாண்டு லீவு. காலையில ஆறரை மணிக்கு சுமத்ரா பக்கம் கடலுக்கு அடியில நிலம் நடுங்கியிருக்கு. எங்க கரைக்கு அலை வர்றதுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருந்துது. ஆழ்கடல்ல அது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல ஓடி வந்தது. ஆனா அங்கே ஒரு மீட்டர் உயரம் கூட இல்லை. படகுல இருக்கிறவங்களுக்கே தெரியாது. பெட்டிக்குள்ள நீங்க பார்த்த மாதிரி, கரையில ஏறும்போதுதான் எழும்பும்.

எங்க தெருவுக்கு முதல்ல வந்த தண்ணி முழங்கால் அளவுதான். வந்துட்டுத் திரும்பிப் போச்சு. அப்புறம் கடல் உள்வாங்கிச்சு. "தரை தெரியுது, மீன் துள்ளுது" என்று எல்லாரும் பார்க்க ஓடினாங்க. என் சித்தி மகளும் ஓடினாள். ஒன்பது வயசு. "அக்கா, வா" என்று என் கையைப் பிடிச்சு இழுத்தாள். பாத்திரம் கழுவுற வேலை பாக்கி இருந்துது, அம்மா விடலை. அவள் மட்டும் போனாள். அடுத்து வந்ததுதான் பெரிய அலை.

எங்க மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல போனாங்க. உங்கள்ல பல பேர் வீட்டுலயும் ஒரு படம் மாட்டியிருக்கு.

அதே நாள் தாய்லாந்துல புக்கெட் தீவுக் கடற்கரையில டில்லி ஸ்மித் என்று ஒரு இங்கிலாந்துப் பெண் பிள்ளை இருந்தாள். வயசு 10. அப்பா அம்மாவோட சுத்திப் பார்க்க வந்தவள். தண்ணி நுரைச்சுப் பொங்குறதைப் பார்த்ததும், ரெண்டு வாரத்துக்கு முன்னால புவியியல் பாடத்துல டீச்சர் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்துது. "சுனாமி வருது" என்று கத்தி, கரையில இருந்த சுமார் நூறு பேரை வெளியேத்த வச்சாள். கடலோரத்துல பிறந்தவள் இல்லை அவள். கடலோடவே பிறந்து வளர்ந்த நம்ம பிள்ளைக்கு அதை யாரும் சொல்லலை. எங்க சித்தியும் "கடல் பக்கம் போகாதே" என்றுதான் தினம் சொல்லுவாங்க. ஏன்னு சொன்னதில்லை. சொல்ல அவங்களுக்கும் தெரியாது. பயம் மட்டும் இருந்தா போதாது அக்கா. மீன் துள்ளுறதைப் பார்த்தா பயம் போயிடும். தெரிஞ்சிருந்தாத்தான் கால் பின்னால ஓடும்.

அதனால பெட்டி விளையாட்டு முடிஞ்சதும் பிள்ளைங்களை இதை வாய்விட்டுச் சொல்ல வைக்கிறேன். நிலம் பலமா, ரொம்ப நேரம் ஆடினா ஓடணும். கடல் திடீர்னு உள்வாங்கினாலும் ஓடணும், வழக்கத்துக்கு மாறாப் பொங்கினாலும் ஓடணும். எப்பவும் முதல்ல உள்வாங்கும்னு நினைக்கக் கூடாது, சில இடத்துல நேரா அலைதான் வரும். மேடான இடத்துக்குப் போகணும். ஒரு அலை வந்துட்டுப் போனா முடிஞ்சுதுன்னு திரும்பி வரக்கூடாது, அடுத்தது அதை விடப் பெரிசா இருக்கலாம். அதிகாரிங்க சொன்ன பிறகுதான் வரணும். இப்போ ஹைதராபாத்துல 2007-ல இருந்து எச்சரிக்கை மையம் இருக்கு, சைரன் வரும், போன்ல செய்தி வரும். இருந்தாலும் கரையில முதல்ல பார்க்கிறது நம்ம கண்ணுதான்.

செய்யும்போது சில கவனம். பிள்ளைங்களைத் தனியாக் கடல் தண்ணி மொள்ள அனுப்பாதீங்க. உப்புத் தண்ணியைக் குடிக்க விடாதீங்க, நாக்குல தொட்டுப் பார்த்தாப் போதும். சின்னக் குழந்தைங்க பக்கத்துல தண்ணிப் பாத்திரத்தை வச்சுட்டுப் போயிடாதீங்க. பதில் தெரியலைன்னா "தெரியலை, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்க. அதுல நமக்கு ஒரு குறைவும் இல்லை.

கடைசியா ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குழுவும் மாசக் கூட்டம் நடக்கிற அன்னைக்கு ஒரு மணி நேரம், ஒரு உறுப்பினரைப் பிள்ளைங்களுக்குன்னு ஒதுக்கணும். நவம்பர் 5 உலக சுனாமி விழிப்புணர்வு நாள். அன்னைக்கு ஒவ்வொரு ஊர்லயும் அந்தப் பெட்டி விளையாட்டை நடத்தணும். செலவு நாலு முட்டை, ஒரு பாக்கெட் உப்பு, ரெண்டு எலுமிச்சம்பழம். முட்டையும் பிள்ளைங்க வயித்துக்குத்தான் போகப் போகுது.

இதைக் கூட்டமைப்பு தீர்மானமாப் போடணும்னு கேட்டுக்கிறேன். பதிவேட்டுல எழுத நான் தயார்.